அடிவரியில் பதினோரு எண்கள்

இந்தப் பேனா கசிகிறது, டெபுடி ஷெரிஃப். அடுத்த தடவை பென்சில் வைத்துவிட்டுப் போங்கள். ஏரிக் குடிலில் நாங்கள் பென்சிலால்தான் எழுதுவோம், குளிரில் மை உறைந்துபோகும். காபி நன்றாக இருந்தது, அதற்கு நன்றி.

என் குடிலிலிருந்து நீங்கள் எடுத்துவந்த ஆட்டத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் ஆட்கள் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னீர்கள். அதில் இருக்கும் குறியீடுகளுக்கெல்லாம் என்ன பொருள், எழுதிக் கொடுங்கள் என்று இந்த மஞ்சள் தாள்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். என் மனைவி வெர்னாவுக்கே இருபத்தொன்பது வருஷமாக அது புரியவில்லை, புரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. பொறுமையாக உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தாளின் அடிவரியை யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு ஓரத்தில் ‘தொலைபேசி எண்?’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். மற்றது புரிந்தால்தான் அது புரியும்.

ஆட்டம் எளிது. பேஸ்பால் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்கு நேராகச் சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் நடந்தது. பந்தை அடித்தான், அல்லது அவுட். இது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். சீட்டின் அடியில் நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கும், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஓட்டம், கை, தவறு, உடம்பு. ஓட்டம் அதிகமானால் வேகமான கால். கை அதிகமானால் பந்தை நெடுந்தூரம் எறிவான், பிடித்ததை விடமாட்டான். தவறு அதிகமானால் அவனை நம்பிப் பந்தை அனுப்பாதீர்கள். உடம்பு என்பது பூஜ்யத்திலிருந்து ஆறு வரை. ஆட்டத்தில் இரண்டு பகடையிலும் ஒன்று ஒன்றாக விழுந்தால் ஆட்டக்காரனுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரே ஒரு பகடையை எடுத்து மறுபடி உருட்ட வேண்டும். விழுந்த எண் அவன் உடம்புக் குறியீட்டுக்குள் இருந்தால் அந்தப் பருவம் முழுக்க அவன் இல்லை. உடம்பு ஐந்து என்று போட்டிருந்தால் கண்ணாடிப் பாத்திரம், தொட்டால் உடைவான். ஒன்று என்று போட்டிருந்தால் கருங்கல். ஆறில் ஐந்து பங்கு பிழைத்துக்கொள்வான்.

ஒரு கட்டம் காலியாகவும் இருக்கலாம். அதுதான் மிக முக்கியம். காலி என்றால் இந்த விஷயத்தில் இவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். நான்கும் காலியாக இருந்தால் அதை வெற்றுச் சீட்டு என்போம். ஆள் போதாத நாளில் இடத்தை நிரப்ப வைத்துக்கொள்ளும் சீட்டு. வெற்றுச் சீட்டுக்காரனுக்குக் காயம்கூடப் பார்ப்பதில்லை. அவன் போனால் அதே மாதிரி இன்னொருவனை உட்கார வைத்தால் ஆயிற்று.

இந்த ஆட்டத்தைச் செய்த மில்வாக்கிக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷமாக எங்கள் ஆறு பேருக்கும் சீட்டு எழுதியது நான்தான். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் செய்தித்தாள் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நாட்டில் ஆடுகிற அத்தனை பேருக்கும் எழுதுவேன். காகித ஆலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எது முதல் தரம், எது கழிவு என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். முப்பத்திரண்டு வருஷத்தில் என் முத்திரையை யாரும் திருத்தியதில்லை. மனிதர்களும் அப்படித்தான், சற்று நேரம் கூடுதலாகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஆட்ட நாள் சனிக்கிழமை, இடம் ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டிமேல் நிறுத்துகிற என் மீன்பிடிக் குடில். கீழே துளையில் தூண்டில், நடுவில் மேசை, மூலையில் அடுப்பு. மற்ற நால்வரும் மார்ச் வந்தால் பாதி நாள் வரமாட்டார்கள். நானும் நார்பர்ட் ஜான்ட்டும் தவறவிட்டதே இல்லை. நார்பர்ட்டும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரும்பு வார்ப்பாலையில் வேலை, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பகடை அவனுக்குப் பாதகமாக விழுந்தால் குனிந்து பார்த்து, “சாய்ஞ்சிருக்குடா, செல்லாது, திரும்பப் போடு” என்பான். மேசை விளிம்பிலோ பிளாஸ்கிலோ சாய்ந்து நின்ற பகடை செல்லாது என்பது எங்கள் விதி. ஆனால் அவனுக்கு எல்லாப் பகடையும் சாய்ந்தே தெரியும். நான் ஒரே பதில்தான் சொல்வேன். விழுந்தது விழுந்ததுதான். அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அது பட்டப்பெயராகிவிட்டது. மீன்பிடிக் கழகத்தில் என்னை ‘விழுந்ததுதான் ஃபென்ஸ்கே’ என்று கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

என் வீட்டு நிலவறையில் ஒரு ஷூ பெட்டியை எடுத்திருப்பீர்கள். அதில் இருநூற்றுப் பதினாலு சீட்டுகள் இருக்கும். அவை பேஸ்பால்காரர்களுடையவை இல்லை. நம் ஊர்க்காரர்கள். பாதிரியார், தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், பல் டாக்டர், வெர்னா. உங்கள் சீட்டும் இருக்கிறது. கை ஆறு போட்டிருக்கிறேன், வருத்தப்படாதீர்கள், உங்கள் வயதில் அது நல்ல எண். வெர்னாவுக்குத் தவறு என்ற கட்டத்தை மூன்று முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

எழுதிய சீட்டைச் சும்மா பெட்டியில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆடாத சீட்டு எதற்கு? ஆனால் நடந்து திரியும் மனிதனை எப்படி ஆடுவது என்று வெகுநாள் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. இரட்டை ஒன்றை நான் உருட்ட வேண்டியதில்லை, அது தானாகவே வரும். வழுக்கும் படி, பழுதான பிரேக், தேய்ந்த வயர். ஆபத்து வந்து நிற்கும்போது மிச்சமுள்ள ஒரு பகடையை மட்டும் நான் உருட்டினால் போதும்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை பெய்தது. வழுக்காமலிருக்கத் தேவாலயப் படிக்கு உப்புத் தூவுவது அந்த வாரம் என் முறை. எப்போதும் முதலில் வருகிறவர் ஆர்கன் வாசிக்கிற மில்டன் ப்ரீபே. அவருக்கு உடம்பு நான்கு. காரில் உட்கார்ந்தே உருட்டினேன், மூன்று விழுந்தது. உப்பு மூட்டை பின் இருக்கையிலேயே இருந்தது. ப்ரீபேக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, அந்தப் பருவம் முழுக்க அவர் வாசிக்கவில்லை. சீட்டில் எழுதியது அப்படியே வெளியில் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒரு கணக்கு இரண்டு பக்கமும் சரியாக வந்தது மாதிரி இருந்தது. நான் அவரைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். என் வாழ்நாளில் யார்மீதும் நான் கை வைத்ததில்லை. மூன்றுக்குப் பதில் ஐந்து விழுந்திருந்தால் படி முழுக்க உப்புத் தூவியிருப்பேன். அப்படித் தூவிய ஞாயிறுகளும் உண்டு, அவற்றை யாரும் எண்ணுவதில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு எங்கள் கூட்டத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஐந்து பேருக்கும் அவரவர் சீட்டை நல்ல அட்டையில் எழுதிப் பரிசாகக் கொடுத்தேன். பெட்டியில் இருப்பதிலிருந்து அப்படியே பார்த்து எழுதியதுதான், ஒரு எண்ணையும் மாற்றவில்லை. அவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். ஆம்ப்ரோஸ் லீபெல்ட்டுக்கு உடம்பு ஐந்து. முட்டி வலி, இதய மாத்திரை, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். “என்னடா, என்னை இப்பவே சவப்பெட்டிக்குள்ள வெச்சு ஆணி அடிச்சிட்டியே” என்றான். நார்பர்ட்டுக்கு ஓட்டம் இரண்டு, கை ஒன்பது, தவறு பூஜ்யம், உடம்பு ஒன்று. வார்ப்பாலையில் முப்பத்தொரு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாதவனுக்கு வேறு என்ன போடுவது? தகுதி இருந்தால் நண்பன் என்று பார்த்துக் குறைக்கக் கூடாது.

எனக்கு நானே எழுதிக்கொள்ளவில்லை. தன் சீட்டைத் தானே எழுதுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மீன் வறுவலுக்கு மனைவிமாரோடு மதுக்கடையில் கூடியிருந்தோம். நீள மேசை, பிராந்தி, ரை ரொட்டி. நார்பர்ட் எழுந்து நின்று கரண்டியால் கோப்பையைத் தட்டினான்.

“எல்லாருக்கும் சீட்டு எழுதின மகராசனுக்கு ஒரு சீட்டு வேண்டாமா? நானே உக்காந்து எழுதினேன். ரெண்டு நாள் ஆச்சு.”

கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மேலே ரோலண்ட் ஃபென்ஸ்கே என்று அழகாக எழுதியிருந்தான், எழுத்தைச் சுற்றிப் பூவேலைகூடச் செய்திருந்தான். கீழே நான்கு கட்டங்களும் காலி.

“எவ்வளவு யோசிச்சும் எழுத ஒண்ணும் தோணலடா, ரோலண்ட்” என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. ஆம்ப்ரோஸ் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது.

வெர்னா அந்தச் சீட்டை என் தட்டருகிலிருந்து எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். “இருபத்தொம்போது வருஷமா எனக்குச் சொல்ல வராததை நார்பர்ட் ஒரே சீட்டுல சொல்லிட்டாரே” என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நார்பர்ட்டின் மனைவி லாரெய்ன் மட்டும், “போதும், பாவம் அவரு” என்றாள். சிரித்தவர்களைவிட அவள் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

நானும் சிரித்தேன். எல்லோருக்கும் இன்னொரு சுற்றுப் பிராந்தி சொன்னேன். சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். உங்கள் உறையில் என் பொருட்களோடு இருக்கும், எடுத்துப் பாருங்கள். மறுநாள் நார்பர்ட் வீட்டுக்கு வந்தான். அவன் புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான்.

“கோவமாடா?”

“இல்லை.”

“விளையாட்டுக்குத்தான்டா. நீ கோச்சுக்கிட்டா நான் யார்கிட்டப் போய் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோக்கறது?”

“கோபமில்லை என்றேனே.”

அது உண்மைதான், கோபம் இல்லை. மீனும் நன்றாகவே இருந்தது, நானும் வெர்னாவும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம். அவன் தப்பாக மதிப்பிட்டுவிட்டான், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. தப்பான மதிப்பீட்டை அப்படியே விட்டு எனக்குப் பழக்கமில்லை. காலிக் கட்டம் என்றால் எழுதியவன் அந்த ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் முக்கால்வாசி நேரம் காரணம். பார்க்க வைக்க வேண்டும்.

இனி அந்தச் சனிக்கிழமை. தாளின் மேலே மார்ச் பத்து என்று தேதி போட்டிருக்கிறேன்.

உறைந்த ஏரியின்மேல் வண்டி போகிற பாதையை எங்கள் கழகம்தான் குறித்து வைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிகை முடிந்ததும் ஊரார் தூக்கிப் போடுகிற கிறிஸ்துமஸ் மரங்களை வாங்கிப் பனிக்கட்டியில் துளைபோட்டு வரிசையாக நடுவோம். பனிக்காற்று அடித்தால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம்தான் கண்ணுக்குத் தெரியும். அதை நம்பித்தான் எல்லோரும் ஓட்டுவார்கள். பனிக்கட்டி பிளந்த இடத்தில் இரும்புப் பாலம் போடுவோம். பிளவு நகர்ந்தால், பாலம் சரிந்தால், அந்த வாரம் முறைக்காரன் இரண்டு மரத்தைப் பிடுங்கிப் பாதைக்குக் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். குறுக்கே மரம் கிடந்தால் இந்த மாவட்டத்தில் ஒருவனும் தாண்டமாட்டான். மார்ச் இரண்டாம் வாரம் முறை யாருடையது என்று கழகத்தின் பலகையில் நீங்கள் பார்த்ததாகச் சொன்னீர்கள். ஆம், என்னுடையதுதான்.

ஒன்றே முக்காலுக்கு நான் சறுக்குவண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு நடந்து போனேன். தெற்குக் காற்று, பறக்கும் பனி. ஆறாவது மரத்தைத் தாண்டினால் பாலம். கரைப் பக்கத்து முனை பனிக்கட்டியை விட்டு நழுவி ஒரு முழம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பிளவு எட்டடி அகலத்துக்குத் திறந்து, மேலே பனித்தூள் மூடியிருந்தது. ஆள் பார்த்துக் கால்வைத்தால் தாங்கும், வண்டி தாங்காது. ஆறாவது மரம் ஜான்ட் வீட்டு மரம். லாரெய்ன் கழற்ற மறந்த வெள்ளி நூல் ஒன்று கிளையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மரத்தின் நடுவில் கையும் வைத்துவிட்டேன். ஒரு இழுப்பில் வந்திருக்கும்.

இரட்டை ஒன்று விழுந்துவிட்டது என்று அப்போது தோன்றியது. நார்பர்ட் இரண்டரைக்கு வருவான். சாப்பிட்டு, லாரெய்னுக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டேகாலுக்கு வண்டியை எடுப்பான். அவனுக்கு நேரம் தப்பாது. அவன் உடம்பு ஒன்று. ஆறில் ஐந்து பங்கு அவன் பக்கம். நான் ஏன் மரத்தைப் பிடுங்கி அதை ஆறில் ஆறாக்க வேண்டும்? இன்னொருவன் ஆட்டத்தில் அப்படிக் கைவைப்பது ஏமாற்று. முதலில் உருட்டிப் பார்ப்போம், ஒன்று வராவிட்டால் வந்து பிடுங்கிக்கொள்வோம் என்று மரத்தை விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்தேன். பாலத்திலிருந்து குடில் இருநூறு அடிகூட இருக்காது. நேரமும் நிறைய இருந்தது.

அடுப்பைப் பற்றவைத்தேன். தூண்டிலை இறக்கினேன். நார்பர்ட்டின் சீட்டை மேசையில் வைத்து, தாளில் அவன் பெயரையும் குறியீடுகளையும் மேல்வரியில் எழுதினேன். நீங்கள் பார்க்கும் 2, 9, 0, 1 அதுதான். பிறகு பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான் என்று சொல்லிக்கொண்டு காபி ஊற்றிக் குடித்தேன்.

சற்று நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது, பிறகு பனிக்கட்டி உடையும் சத்தம். அதன் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று கேட்டது, ஆம்ப்ரோஸின் குரல். அவன் எப்போதும் தன் காரில்தான் வருவான். அன்று பேட்டரி உறைந்துபோய் நார்பர்ட்டின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு உண்மையிலேயே திடுக்கென்றது. ஆம்ப்ரோஸுக்கு நான் உருட்டவே இல்லை. உருட்டாத ஒரு ஆளுக்கு ஆபத்து நேர்வது எந்த விதியிலும் கிடையாது. இந்த விவகாரத்தில் இன்றுவரை என்னை உறுத்துவது அது ஒன்றுதான்.

அதனால்தான் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டியின் பின்பகுதி மட்டும் மேலே தெரிந்தது, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் இடப் பக்கம் பாலத்தின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பனிக்கட்டியில் வைத்து முனகிக்கொண்டிருந்தான். பாலத்தில் குப்புறப் படுத்து அவன் கைக்குக் கீழே கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று செய்தித்தாளில் வியந்து எழுதியிருந்தார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள். முதல் பக்கம், பெரிய படம். ஒன்பது நாள் இந்த ஊர் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வெர்னா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டாள். என்மேல் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி என் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்த்தது அந்த ஒன்பது நாள்தான்.

படத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆம்ப்ரோஸ் ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னது கனவு இல்லை. மரங்கள் நின்றபடியே இருந்தன என்று அவன் சொன்னது சரி. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பேச்சுக் கேட்டது என்று சொன்னானாமே, அதுவும் சரி.

நார்பர்ட் வலப் பக்கம் இருந்தான், என்னிடமிருந்து ஒரு பாய் நீளம். ஜன்னல் வழியாக வெளியே வந்து பனிக்கட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கை ஒன்பது என்று சும்மா போடவில்லை நான். நாலு நிமிஷம் பிடித்திருந்தான். கத்தவில்லை. அத்தனை பெரிய குரல்காரன் அன்று மிக மெதுவாகப் பேசினான்.

“டேய் ரோலண்ட். கயிறு.”

ஆம்ப்ரோஸை இழுத்துப் போட்ட பிறகு கயிறு என் கையில் சும்மாதான் இருந்தது. நான் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“ரோலண்ட், இங்க பாருடா. இங்க.”

பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டமாக, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்க்கிற பார்வை. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னவன்தான்.

“விழுந்தது விழுந்ததுதான், நார்பர்ட்” என்று சொன்னேன்.

அவனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். உதட்டை அசைத்து ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. பிறகு இடது கை போயிற்று. வலது கை இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவும் போன பிறகு நான் ஆம்ப்ரோஸைச் சறுக்குவண்டியில் கிடத்திக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு இரண்டு கால்விரல்கள் போயின, ஆள் பிழைத்துக்கொண்டான். உடம்பு ஐந்து என்று நான் எழுதிய ஆள் பிழைத்தது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவன் சீட்டில் உடம்பை இரண்டு என்று திருத்திவிட்டேன். என் தப்பை நான் ஒப்புக்கொள்ளாமல் இருந்ததில்லை.

லாரெய்ன் சவ அடக்கத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க முடிஞ்சதைச் செஞ்சீங்க” என்றாள். பகடை விழுந்த பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னால் அவளுக்கு விளங்கப்போவதில்லை.

இப்போது அடிவரி. எதையும் மறைக்கமாட்டேன் என்று முதலில் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் சுருக்கி எழுதிவிட்டேன். எங்கள் ஆட்டத்தில் உருட்டுகிற ஒவ்வொரு பகடையையும் தாளில் எழுதியாக வேண்டும், செல்லாத பகடையையும்தான். அந்த விதியைப் போட்டதே நான். அதனால் எழுதினேன்: 4, 6, 2, 5, 5, 3, 2, 6, 4, 3, 1.

முதலில் நான்கு விழுந்தது. பகடை பிளாஸ்க் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்த மாதிரி தெரிந்தது, செல்லாது என்று விட்டேன். ஆறு விழுந்தபோது காற்றில் குடில் ஆடியது. இரண்டு மேசை விளிம்புக்கு மிக அருகில் இருந்தது. ஐந்து, மறுபடி ஐந்து. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் பகடை சரியாகக் குலுங்கவில்லை என்றுதானே அர்த்தம். மூன்று விழுந்தபோது எழுந்துபோய்க் கதவைத் திறந்து மரம் இருக்கும் திசையைப் பார்த்தேன், பனியில் ஒன்றும் தெரியவில்லை, குளிராக இருந்தது, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மீதி நாலுக்கும் காரணம் இருந்தது, இப்போது ஞாபகம் வரவில்லை. பதினோராவது உருட்டில் ஒன்று வந்தபோது மணி இரண்டு இருபது. வண்டிச் சத்தம் கேட்கப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பகடை மேசை நடுவில் நேராக நின்றது, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்திருக்கலாம்.

பதினோரு தடவை, டெபுடி. ஒரு சாதாரண ஆளாக இருந்தால் இரண்டாவதிலேயே போயிருப்பான். நார்பர்ட்டுக்கு உடம்பு ஒன்று என்று நான் எழுதியது எவ்வளவு சரி என்று இப்போதாவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.